இரண்டு திரைக்கு ஒரே எழுத்து

எங்கள் வீட்டுக் கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் தவிர வேறு எதுவும் ஓடக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து என் கணவன் சீப்ரன் போட்டிருக்கும் சட்டம் இது. மடிக்கணினியில் லினக்ஸ், தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் லினக்ஸ், காலையில் கோழிக்கூட்டின் கதவைத் திறந்துவிடும் சின்னக் கருவியில்கூட லினக்ஸ். அந்தக் கதவு சில நாள் மத்தியானம்தான் திறக்கும். நான் ஒன்றும் சொன்னதில்லை. கோழிகளுக்கு அப்படியொன்றும் அவசர வேலை கிடையாது.

எனக்கு இருந்தது. எங்கள் டோக்கும் வட்டாரத்துப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பத்திரிகையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் போடாத மனு இல்லை. ஐம்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு எல்லாரும் ரொம்ப மரியாதையாகப் பதில் எழுதுகிறார்கள், வேலைதான் தருவதில்லை. கடைசியில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் கூப்பிட்டது. எங்கள் ஃபிரீஷிய மொழியில் பேசுகிறவர்களின் பேச்சை டச்சில் சின்னச் சின்ன வரிகளாகத் திரைக்கு அடியில் போடும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. இரண்டு திரை கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றில் படமும் நொடிக் கணக்கும் ஓடும், மற்றதில் வரிகளை அடிக்க வேண்டும். கண் இரண்டுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த வேலை எனக்கு வேண்டும். ஆசை என்றுகூடச் சொல்ல மாட்டேன், வெறி என்றே சொல்லலாம்.

என் மடிக்கணினி புதிது, ஊசி முனை போல அவ்வளவு துல்லியமான திரை. இரண்டாவது திரையைச் சீப்ரன் கொண்டுவந்தான். அவன் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் தூக்கி எறிந்த பழசு. "நல்லா எரியுற திரையை யாராவது எறிவாங்களா?" என்று குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துத் தூக்கி வந்தான். இரண்டையும் கேபிளால் இணைத்தோம். மடிக்கணினியில் எழுத்து எறும்பு மாதிரி தெரிந்தது. புதுத் திரையில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றனவாம், அதனால் அதே எழுத்து அங்கே சுருங்கிவிடுகிறதாம். எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கினான். மடிக்கணினியில் சரியாகிவிட்டது. பழைய திரையில் எழுத்துகள் கடைப் பலகை அளவுக்கு ஊதிக்கொண்டு நின்றன. திரையில் திறந்த ஒரு ஜன்னலை இங்கிருந்து அங்கே இழுத்தால் பாதி வழியில் சட்டென்று வீங்குகிறது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

"ரெண்டுலயும் ஒரே அளவா தெரியணும் சீப்ரன். அவ்வளவுதான் கேக்கிறேன்."

"எதுக்கு ஒரே அளவா தெரியணும்?"

இதுதான் இந்த லினக்ஸ்காரர்களோடு பெரிய தொல்லை. நமக்கு ஒன்று நடக்கவில்லை என்றால், அது எதற்கு நமக்கு வேண்டும் என்பதில் ஆரம்பிப்பார்கள்.

"எதுக்கா? நான் படிக்கணும்யா! நொடிக் கணக்கை ஒரு பார்வை, வரியை ஒரு பார்வை. இங்க குனிஞ்சு பார்த்து, அங்க சாஞ்சு பார்த்து, நடுவுல எனக்குக் கழுத்து சுளுக்கிக்கும்."

"ஒரு சின்ன அமைப்பு மாத்தணும், அவ்வளவுதான். சனிக்கிழமை எங்க சங்கத்து ரிங்கும் நீன்கேவும் வராங்கல்ல, கேட்டுக்கலாம்."

சனிக்கிழமை சீப்ரனுடைய பிறந்தநாள். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். எங்கள் ஊர் வழக்கப்படி வருகிறவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். பிறந்தது அவனாக இருந்தாலும் எனக்கும் வாழ்த்து, என் மாமியாருக்கும் வாழ்த்து, பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாழ்த்து. பிறகு காபி, வெண்ணெய் தடவிய சர்க்கரை ரொட்டி ஆளுக்கு ஒரு துண்டு. வட்டத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருப்பது அவ்வளவு மரியாதை இல்லை. வழக்கமாகச் சாயங்காலம் வரை காற்றைப் பற்றியும் கால்வாய்ப் பனிக்கட்டியைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம்.

அன்றைக்கு ரிங்க் ரொட்டியைக் கடித்த கையோடு எழுந்துவிட்டான். ரிங்க் சீப்ரனின் லினக்ஸ் சங்கத்துத் தலைவன். படகுப் பட்டறை வைத்திருக்கிறான், தாடியில் எப்போதும் மரத்தூள் இருக்கும். கணினி திரையில் எழுத்தையும் படத்தையும் காட்டுவதற்குப் பழைய முறைதான் முறை, புதிதாக வந்தது எல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்பது அவன் கொள்கை.

"ரென்ஸ்கே, உன் பெட்டியைச் சும்மா ஒரு பார்வை பார்த்துட்டு வரேன்."

"உட்காரு ரிங்க். காபி ஆறுது."

"ரெண்டு நிமிஷம்மா."

மாடிக்குப் போனான். என் வேலை அறை மாடியில்தான். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. "முடிஞ்சுது. அடியில இருந்தே மாத்திட்டேன்," என்றான்.

அதைக் கேட்டு நீன்கேவுக்குப் பொறுக்கவில்லை. நீன்கே சங்கத்தின் இன்னொரு தூண். மருத்துவமனையில் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறவள். புது முறைதான் அவளுக்குத் தெய்வம். இருவருக்கும் இந்த விஷயத்தில் பேச்சுவார்த்தையே கிடையாது, ஏச்சுதான் உண்டு.

"அடியிலயா? இன்னும் அந்தத் துருப்பிடிச்ச முறையிலயா கை வச்சே? அது ரெண்டு திரைக்கும் ஒரே கணக்குதான் போடும்டா. தனித்தனியா போடவே வராது!"

"உன் புது முறையில எழுத்து மங்கலா தெரியும். கண்ணாடி போடாம பார்க்கிற மாதிரி."

"உனக்குத்தான் கண்ணாடி வேணும்."

"வாய் ரொம்ப நீளுது நீன்கே."

"உன் தாடியை விட நீளம் இல்லை."

மாமியார் என் காதருகே குனிந்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். இல்லை, திரைக்குத்தான் என்றேன். நீன்கே மேலே போய்விட்டாள். போனவள் சும்மா பார்க்கவில்லை. இவர்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு, எதையும் தொடும் முன்னால் மொத்தத்தையும் புதுப்பிக்க வேண்டும். வைத்தியர் நாடி பிடிப்பதற்கு முன் நோயாளிக்கு வீடு மாற்றுவது மாதிரி. அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்து, "ரிங்க் செஞ்சதை எடுத்துட்டேன், எழுத்தை மட்டும் ஒண்ணரை மடங்கு ஆக்கிட்டேன், இப்ப அருமையா இருக்கு," என்றாள்.

எடுத்துவிட்டதாக அவள் நினைத்தாள். உள்ளே அது அப்படியே இருந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்து சீப்ரன் போனான், பிறந்தநாள்காரன், தன் பிறந்தநாள் வட்டத்தை விட்டு. வரி அடிக்கும் மென்பொருளுக்கு உள்ளேயே தனியாக ஓர் அளவு இருப்பதைக் கண்டுபிடித்து அதையும் இரட்டிப்பாக்கினான். அப்புறம் ரிங்க் மறுபடி, நீன்கே மறுபடி. மேலே போகிறவன் ரொட்டித் துண்டோடு போவான், இறங்குகிறவள் முறைத்துக்கொண்டே இறங்குவாள். கீழே வட்டத்தில் நானும் மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் காலி நாற்காலிகளும். பக்கத்து வீட்டுக்காரர் பொறுமையானவர். "இந்த வருஷம் காற்று அதிகம்," என்றார்.

எல்லாரும் கிளம்பிய பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒருவர் போட்ட மடங்கின் மேல் இன்னொருவர் போட்ட மடங்கு ஏறி, அதன் மேல் இன்னொன்று ஏறி, எல்லாம் ஒன்றையொன்று பெருக்கிவிட்டிருந்தன. பழைய திரை முழுக்க ஒரே ஓர் எழுத்து. ஒன்றே ஒன்று! அதுவும் முழுசாக இல்லை, கால் பகுதி கீழே திரைக்கு வெளியே போயிருந்தது. மவுஸின் அம்பு என் உள்ளங்கை அளவில் இருந்தது. மாற்றியதை ரத்துசெய்யும் பொத்தான் எங்கோ வலது பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரரின் குளியலறையில் இருந்திருக்க வேண்டும்.

"சீப்ரன்!"

வந்து பார்த்தான்.

"இது என்ன எழுத்து?" என்றேன்.

"'கே' மாதிரி இருக்கு."

"நாளைக்கு ராத்திரிக்குள்ள இது சரியாகலேன்னா இந்த வீட்டுல வேற சிஸ்டம் ஏறும். காசு கொடுத்து வாங்குற சிஸ்டம். நானே ஏத்துவேன். உன் கோழிக்கதவுக்கும் சேர்த்து ஏத்துவேன்."

அவன் முகம் செத்துவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் வாபஸ் வாங்கவில்லை. பத்திரிகையை மூடிய பிறகு நான் எத்தனை நாள் காலையில் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தேன் என்று அவனுக்குத் தெரியாது. அவன் அப்போதும் ஏதாவது ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஒரு கடையும் திறக்காது. புதுத் திரை வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட அவன் கீழே வரவில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மேலே கொண்டுபோய் வைத்தேன். ரிங்கும் நீன்கேவும் மாறி மாறிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அதில் பாதி என் கணினிக்கு யோசனை, பாதி ஒருவரை ஒருவர் திட்டியது. கடைசியில் சீப்ரன் இருவரும் செய்தது, தான் செய்தது எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டான். திரும்பவும் பழைய இடம்தான். மடிக்கணினியில் சரி, பழைய திரையில் கடைப் பலகை.

"தனித்தனியா அளவு போட்டா உன் வரி மென்பொருள் மங்கிப்போகுது. அது பழைய முறையில எழுதினது. மங்காம தெரியணும்னா அந்த மென்பொருளையே நான் திருத்தணும், மாசக்கணக்கில ஆகும்," என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். அப்புறம் மெதுவாகச் சொன்னான், "என்னால முடியல, ரென்ஸ்."

இந்த வார்த்தையை நான் அவன் வாயிலிருந்து கேட்டதில்லை. எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியபோதுகூட "ஒரு சின்ன அமைப்பு" என்றுதான் சொன்னான். எனக்குக் கோபத்துக்குப் பதிலாக அழுகை வந்தது. நாளைக்கு வேலை போய்விடும் என்று அழுகை.

"இதை எடுத்துடறேன். உனக்கு எரிச்சல்தான் வரும்," என்று பழைய திரையை மேசையிலிருந்து தூக்கினான். கேபிளைக்கூடப் பிடுங்கத் தோன்றவில்லை அவனுக்கு. அணைத்துத் தூக்கிக்கொண்டு, திரை என்னைப் பார்த்தபடி இருக்க, கதவை நோக்கிப் பின்னால் நடந்தான். கேபிள் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு போனது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மடிக்கணினியில் ஒரு வரி இருந்தது. அவன் மார்பில் ஒரு வரி இருந்தது. இரண்டும் ஒரே அளவு.

"நில்லு!"

"என்ன?"

"அசையாதே. அப்படியே நில்லு. இன்னும் கொஞ்சம் பின்னாடி போ. போதும், போதும்! அங்கதான்!"

"ரென்ஸ், கேபிள் முடிஞ்சிடுச்சு."

"தூரத்துல வச்சா சின்னதா தெரியுதுல்ல? கடைப் பலகையைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னுதானே படிக்கிறோம்!"

அவன் திரையைத் தூக்கிக்கொண்டே எட்டிக் குனிந்து பார்க்க முயன்றான். பார்க்க முடியவில்லை, திரை அவன் மார்பில் அல்லவா இருக்கிறது. கீழே வைத்துவிட்டு ஓடி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இது தீர்வு இல்லை," என்றான். "இது வந்து... இது ஒப்பேத்தல்."

"ஒப்பேறுதுல்ல?"

"ஒப்பேறுது," என்று ஒத்துக்கொண்டான், பல் பிடுங்கிக்கொண்டவன் மாதிரி.

மேசையைத் திருப்பிப் போட்டு, கதவருகே திரைக்கு இஸ்திரி மேசையை விரித்தோம். உயரம் கூட்டிக் குறைக்க வசதியாக இருந்தது. ரிங்குக்குச் சீப்ரன் இதைச் சொல்லவில்லை. நீன்கேவுக்கும் சொல்லவில்லை. அவனுக்கு மானம் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தேர்வு வைக்கும் யுடித் என்ற பெண் மடிக்கணினியில் என்னைக் கூப்பிட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்த அந்தக் கணம் இஸ்திரி மேசையின் கால் வழுக்கியது. நன்றாக நின்றுகொண்டிருந்த மேசை ஒரு முனகலோடு மடங்கிப் படுத்தது. சீப்ரன் வாசலில்தான் நின்றிருந்தான். இந்த வயதில் அவன் அப்படிப் பாய்வான் என்று நான் நினைத்ததே இல்லை. திரையைத் தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்துவிட்டான்.

"என்ன சத்தம் அது? எல்லாம் சரியா இருக்கா?" என்றாள் யுடித்.

"சரியா இருக்குங்க. என் ரெண்டாவது திரைதான், இடம் பார்த்துக்குது."

"அப்ப ஆரம்பிக்கலாம். ஒரு மணி நேரம் இருக்கு."

சீப்ரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். காலால் முக்காலியை இழுத்து அதில் உட்கார்ந்து திரையை மடியில் நிறுத்திக்கொண்டான். இரண்டு கையாலும் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டான். விளிம்புக்கு மேலே அவன் தலை மட்டும் தெரிந்தது. நான் விரலால் பின்னால் போகச் சொன்னேன், அரை சாண் பின்னால் போனான். கொஞ்சம் முன்னால் வரச் சொன்னேன், வந்தான். இரண்டு மடங்கா, ஒன்றரை மடங்கா, ஒன்றே கால் மடங்கா, எது கேட்டாலும் கொடுத்தான். லினக்ஸ் சங்கம் முழுசும் சேர்ந்து எனக்குக் கொடுக்க முடியாததை ஒரு முக்காலி கொடுத்துவிட்டது.

படம் ஓடியது. எங்கள் பக்கத்து விவசாயி ஒருவர், பேச ஆரம்பித்தால் மூச்சு விடாத ஆள். காட்டு வாத்துகள் அவர் புல்லை எல்லாம் மேய்ந்துவிட்டன. நகராட்சியைத் திட்டிக்கொண்டே நடக்கிறார், பின்னால் வாத்துக் கூட்டம். அந்த வேகமான ஃபிரீஷியப் பேச்சை அப்படியே டச்சில் போட்டால் திரை கொள்ளாது. சுருக்க வேண்டும், ருசியும் போகக் கூடாது. கண் மேலே போனது, கீழே வந்தது, எங்கேயும் தடுக்கவில்லை. ஓர் இடத்தில் அவர் சொன்னார்: "நகராட்சிக்கு எழுதிப் போட்டேன், வாத்துங்ககிட்டயும் போய்ச் சொன்னேன். பதிலுக்குக் கத்தினது வாத்துங்க மட்டும்தான்." நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அடித்தேன். நல்ல வரியாக வந்தது. பத்திரிகை மூடிய பிறகு என் கைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

முடிந்ததும் யுடித் என் வரிகளைப் படத்தோடு ஓட்டிப் பார்த்தாள். வாத்து வரி வந்த இடத்தில் அவளும் சிரித்தாள். "அடுத்த மாசம் ஆரம்பிக்க முடியுமா உங்களால?" என்றாள். முடியும் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது.

காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினேன். அப்போதுதான் உறைத்தது, அறையில் இவ்வளவு நேரமும் என் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் இருந்திருக்காது. சீப்ரனுக்கு விவசாயியின் பேச்சும் கேட்டிருக்காது, யுடித்தின் பேச்சும் கேட்டிருக்காது. திரையின் முதுகுதான் அவன் பக்கம் இருந்தது. ஒரு மணி நேரமாக அவனுக்கு எதிரே பார்ப்பதற்கு என் முகத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

"கிடைச்சிடுச்சுல்ல?" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்? நான்தான் இன்னும் சொல்லலையே."

"மூஞ்சியிலயே இருந்துச்சு."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. திரையை வாங்கிக் கீழே வைத்தேன். அமைப்பைப் பற்றிப் பேசப் போகிறான், புள்ளிகளைப் பற்றிப் பேசப் போகிறான் என்று எதிர்பார்த்தேன். தொடையைத் தேய்த்துக்கொண்டே அவன் வேறு ஒன்று கேட்டான்.

"நடுவுல ஒரு தடவை சிரிச்சியே. எதுக்கு ரென்ஸ் அப்படிச் சிரிச்சே?"

நான் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பழைய திரையில் படத்தை முதலிலிருந்து ஓட்டினேன். அவ்வளவு பக்கத்தில் என் வரிகள் திரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றன. அவன் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தான். எதையும் சரிசெய்ய எழுந்து போகவில்லை.